‘எண்டர்பிரைஸ்’ தொடரை நீக்க வேண்டாம்: நம் திரைவட்ட நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலுமாக மாறி மாறிக் கூடும் நம் அறிபுனைத் திரைவட்டத்தின் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற கூட்டத்தில் இரண்டு முடிவுகள் ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டன. ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களை இனி அவை வெளிவந்த வரிசையில் பார்க்காமல், கதைக்குள் ஓடும் ஆண்டுகளின் வரிசையில் பார்ப்பது என்பது ஒன்று. அவ்வாறு பார்த்தால் முதலில் நிற்க வேண்டிய ‘எண்டர்பிரைஸ்’ தொடரை, அது அறுபதுகளில் வந்த மூலத்தொடரோடு முரண்படுகிறது என்ற காரணத்தால், பட்டியலில் சேர்க்காமலே விட்டுவிடுவது என்பது மற்றொன்று. அடுத்த கூட்டத்தில் இவ்விரண்டும் உறுதி செய்யப்படும் என்று அறிந்ததால் இதை எழுதுகிறேன். இரண்டுமே தவறான முடிவுகள் என்பதே என் கருத்து. கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கோள் இனத்தவரின் நெற்றியைப் பற்றித் தொடங்கிய வாக்குவாதம் தேநீர் ஆறிய பின்னும் ஓயாதபோது, வேறு எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க இடமிருக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்காகச் சில விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மூலத்தொடர் 1966 முதல் 1969 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 79 அத்தியாயங்களாக வந்தது. கேப்டன் கிர்க், வல்கன் என்ற வேற்றுக்கோள் இனத்தைச் சேர்ந்த ஸ்பாக், மருத்துவர் மெக்காய் ஆகியோரின் அந்தப் பயணங்கள் இருபத்து மூன்றாம் நூற்றாண்டில் நடப்பவை. நம் மூத்தவர்கள் சிலர் எண்பதுகளில் தூர்தர்ஷன் வழியாக அறிந்தது இந்தத் தொடரைத்தான். ‘எண்டர்பிரைஸ்’ 2001 செப்டம்பரில் தொடங்கி 2005 மே மாதத்தில், 98 அத்தியாயங்களோடு முடிந்தது. அதன் கதை 2151இல் தொடங்குகிறது. கேப்டன் ஜோனதன் ஆர்ச்சரின் ‘எண்டர்பிரைஸ்’ கப்பல் செல்லும் காலத்தில் கோள்களின் கூட்டமைப்பு என்று ஒன்று கிடையாது. மனிதர்களை வல்கன்கள் இன்னும் சிறுபிள்ளைகளாகவே நடத்துகிறார்கள். விண்வெளியில் எதைக் கண்டாலும் அது மனிதர்களுக்கு முதன்முறை. அதற்குப் பின் வந்த ‘டிஸ்கவரி’யும் (2017) ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொடரும் (2022) கிர்க்குக்குச் சில ஆண்டுகளே முந்தைய காலத்தில் தொடங்கும் முன்கதைகள்.

‘எண்டர்பிரைஸ்’ மீது நீங்கள் வைத்த குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1987இல் வந்த, கிர்க்குக்குப் பிந்தைய காலத்தில் நடக்கும் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் மனிதர்கள் முதன்முறையாகச் சந்திக்கும் ஃபெரங்கி இனத்தவர், ஆர்ச்சரின் கப்பலுக்குள் இரண்டு நூற்றாண்டு முன்பே புகுந்து திருடுகிறார்கள். தங்கள் இனத்தின் பெயரை அவர்கள் சொல்லவில்லை என்பதே அங்கே தரப்படும் சமாதானம். 2003இல் வந்த ‘ரீஜெனரேஷன்’ அத்தியாயத்தில், ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ காலத்தில்தான் அறிமுகமாக வேண்டிய போர்க் இனத்தவர் வடதுருவப் பனிக்குள்ளிருந்து எழுந்து வருகிறார்கள். ஸிண்டி என்ற இனத்தவரின் தாக்குதலில் பூமியில் எழுபது இலட்சம் பேர் மாண்டதாகக் காட்டப்படுகிறது. பிற்காலத்தில் நடக்கும் கிர்க்கின் கதையிலோ ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ கேப்டன் பிக்கார்டின் கதையிலோ அப்படியொரு பேரழிவை நினைவுகூரும் ஒரு வரியும் இல்லை. 1979ஆம் ஆண்டு ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படத்தில் எண்டர்பிரைஸ் என்ற பெயரைத் தாங்கிய முந்தைய கப்பல்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். அந்த வரிசையில் ஆர்ச்சரின் கப்பல் கிடையாது. நம் அண்ணன் ஒருவர் இவற்றையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் ஆண்டுவாரியாக எழுதி வைத்திருக்கிறார். அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த நோட்டுப் புத்தகம் மூலத்தொடரையும் அதே கண்ணோடு பார்த்திருக்குமானால், அதன் முதல் பக்கமே மூலத்தொடரின் குற்றங்களால் நிரம்பியிருக்கும்.

மூலத்தொடரின் இரண்டாம் முன்னோட்ட அத்தியாயத்தில் கிர்க்குக்காகச் செதுக்கப்படும் கல்லறைக் கல்லில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று இருக்கிறது. பிறகு அவர் என்றென்றைக்குமாக ஜேம்ஸ் டி. கிர்க் ஆகிவிடுகிறார். அதே அத்தியாயத்தில் ஸ்பாக் தன் முன்னோர்களில் ஒருவர் மனிதப் பெண்ணை மணந்தவர் என்று ஏதோ தொலைவான உறவைப் போலச் சொல்கிறார். 1967இல் பார்த்தால் அவருடைய சொந்தத் தாய் அமண்டாவே மனிதப் பெண். கதை எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்பதில்கூட அத்தியாயத்துக்கு அத்தியாயம் கணக்கு மாறுகிறது. இத்தனை இருந்தும் மூலத்தொடரைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று யாரும் முன்மொழியவில்லை, முன்மொழியவும் கூடாது. ஆகவே முரண்பாடு இருப்பதே ஒரு தொடரை விலக்கப் போதுமான காரணம் என்ற அளவுகோலை நாம் எவருமே உண்மையில் கைக்கொள்வதில்லை. வயதில் இளைய தொடரிடம் மட்டும் அதை நீட்டுகிறோம்.

அப்படியானால் எந்த முரணும் பொருட்டல்ல என்று இளைய நண்பர்கள் சிலர் வாதிடுவதை ஏற்கிறேனா என்றால், அதுவும் இல்லை. முன்கதை செய்யக்கூடாத ஒன்று உண்டு. அதை விளக்க நாம் அறிந்த ஓர் உதாரணமே போதும். நம் இரு மாவட்டங்களிலும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதம் படித்து இரவில் கூத்து ஆடுகிறார்கள். துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்பது தெரியாத ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். இருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அல்லி அரசாணியும் பவளக்கொடியும் வியாச பாரதத்தில் இல்லாதவர்கள். அர்ச்சுனனுக்கு இன்னும் இரண்டு கதைகள் கூடிவிட்டன என்று யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போவதில்லை, ஏனென்றால் அவர்களால் குருட்சேத்திரத்தில் எதுவும் மாறுவதில்லை. ஆனால் துகிலுரியப்படுவதற்கு முன்பே வேறொரு பகைவனின் இரத்தத்தைப் பூசித் திரௌபதி ஒருமுறை கூந்தலை முடித்திருக்கிறாள் என்று ஒரு புது வாத்தியார் முன்கதை கட்டினால் என்ன ஆகும்? ஒரு வரியும் மூலத்தோடு நேரடியாக மோதாமலேயே, படுகளத்தில் அவள் கூந்தல் முடிக்கும் அந்த ஒரு கணம் செத்துப்போகும்.

நான் கேட்கும் கேள்வி அதுதான். பின்னால் எழுதப்பட்ட முன்கதை, ஏற்கெனவே நம்மிடம் உள்ள ஒரு காட்சியின் உயிரைப் பறிக்கிறதா? பறிக்கவில்லையென்றால் கருவிகளும் தேதிகளும் படங்களின் வரிசையும் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கேள்வியை ரோமுலன்கள் என்ற எதிரி இனத்தவரிடம் வைத்துப் பாருங்கள். 1966 டிசம்பரில் ஒளிபரப்பான ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ மூலத்தொடரின் மிகச் சிறந்த அத்தியாயங்களில் ஒன்று என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் பூமிக்கும் ரோமுலன்களுக்கும் போர் நடந்தது, அந்தப் போரில் இரு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை, சமாதான உடன்படிக்கைகூட வானொலி வழியாகவே முடிந்தது என்று அதில் சொல்லப்படுகிறது. பிறகு திரையில் முதன்முறையாக ரோமுலன் தளபதியின் முகம் தெரிகிறது. அது வல்கன்களின் முகத்தைப் போலவே இருக்கிறது. உடனே, அந்தப் போரில் தன் குடும்பத்தவரை இழந்த ஸ்டைல்ஸ் என்ற அதிகாரியின் பார்வை ஸ்பாக் மீது திரும்புகிறது. இனவெறுப்பு ஒரு மனிதனுக்குள் எப்படிப் புகுகிறது என்பதை இத்தனை சிக்கனமாகக் காட்டிய தொலைக்காட்சி நாடகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த அத்தியாயத்தின் உயிர் எங்கே இருக்கிறது? யாரும் பார்த்திராத முகத்தில் இருக்கிறது. அந்தக் கப்பல் கண்ணுக்கு மறைந்து வருவதும் அங்கே புதுமையாகத்தான் காட்டப்படுகிறது, ஆனால் அது போர் உத்திக்கு மட்டுமே உதவுகிறது.

‘எண்டர்பிரைஸ்’ செய்தது என்ன? 2002இல் வந்த ‘மைன்ஃபீல்ட்’ அத்தியாயத்தில் ரோமுலன் கப்பல்கள் கண்முன்னே மறைவு நீங்கித் தோன்றுகின்றன. மூலத்தொடரின் ஸ்பாக் கோட்பாட்டளவில் மட்டுமே சாத்தியம் என்று கருதிய ஒன்று நூறாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் அதற்கு ஒரு சிவப்புக் கோடு கிடைத்திருப்பது நியாயம்தான். ஆனால் அதே அத்தியாயத்தில் ரோமுலனின் குரல் மட்டுமே கேட்கிறது, முகம் தெரிவதில்லை. நான்காம் பருவத்தில், 2005இல், ரோமுலன்களை மையமாக வைத்து மூன்று அத்தியாயங்கள் எழுத வேண்டி வந்தபோது எழுத்தாளர்கள் இன்னும் கவனமாக நடந்துகொண்டார்கள். தொலைவிலிருந்து இயக்கப்படும் ஆளில்லாக் கப்பல் ஒன்றை ரோமுலன்கள் அனுப்பி, அது வேறு இனங்களின் கப்பல்களைப் போலத் தோற்றம் காட்டி, ஆண்டோரியன்களுக்கும் டெலரைட்டுகளுக்கும் இடையே போர் மூட்டப் பார்க்கிறது. கப்பலில் ஆளே இல்லாததால் ஆர்ச்சரும் தோழர்களும் யாரையும் பார்க்கவில்லை. பார்வையாளர்களாகிய நாம் மட்டும் ரோமுலன்களைப் பார்க்கிறோம். மூட்டப் பார்த்த போர் அந்த இனங்களை ஒன்றாக உட்கார வைத்து, பிற்காலக் கூட்டமைப்புக்கு விதையாகிறது. மூலத்தின் ஒரு பழைய வசனத்தைத் தடையாக நினைக்காமல் அதிலிருந்தே ஒரு புதுக் கதையை முளைக்க வைத்திருக்கிறார்கள். இந்தத் தொடரைத்தான் மூலத்தை மதிக்காத தொடர் என்று நாம் தீர்மானம் போடப் போகிறோம்.

கிளிங்கான் நெற்றியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட மாட்டீர்கள். அறுபதுகளில் மழுமழுவென்றிருந்த நெற்றி 1979இல் மேடு பள்ளமாக மாறியதற்குக் காரணம் ஒப்பனைக்குக் கிடைத்த பணமும் நேரமும்தான். 1996இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடர் அதை வோர்ஃப் என்ற கிளிங்கானின் ஒற்றை வசனத்தால், வெளியாரிடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்ற பொருளில், சிரிக்க வைத்துக் கடந்துபோனது. 2005இல் ‘எண்டர்பிரைஸ்’ மரபணு மாற்றம், நோய்த்தொற்று என்று இரண்டு அத்தியாயங்கள் எழுதி விளக்கியது. கதை நன்றாகவே இருந்தது. ஆனாலும் வோர்ஃபே போதும் என்பது என் அபிப்பிராயம். வேடக்காரரின் கிரீடத்தில் சென்ற ஆண்டு இருந்த கண்ணாடிச் சில்லு இந்த ஆண்டு ஏன் இல்லை என்று கேட்பவருக்கு விடை சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை.

இப்போது நம் வட்டத்தில் எல்லோருக்கும் பிடித்த ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொடரிடம் அதே கேள்வியை வைக்கிறேன். உங்களில் பலருக்கு இது பிடிக்காது.

மூலத்தொடரின் ‘அரீனா’ அத்தியாயம் 1967 ஜனவரியில் வந்தது. செஸ்டஸ் மூன்று என்ற கோளில் இருந்த மனிதர்களின் குடியிருப்பைப் பெயர் தெரியாத ஓர் இனம் அழித்துவிடுகிறது. கிர்க் பழிவாங்கத் துரத்துகிறார். மெட்ரான்கள் என்ற மூன்றாம் இனத்தவர் குறுக்கிட்டு, கிர்க்கையும் எதிரிக் கப்பலின் தலைவனான கார்ன் இனத்தவனையும் ஒரு பாழ்நிலத்தில் ஒண்டிக்கு ஒண்டி மோத விடுகிறார்கள். மூங்கில், கந்தகம், கரி, வெடியுப்பு, வைரக் கற்கள் ஆகியவற்றைக் கொண்டு கிர்க் பீரங்கி செய்து எதிரியை வீழ்த்தும் இடம்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அதற்கு முன்பே அந்தக் கார்ன் பேசுகிறான்: அந்தக் கோள் எங்கள் எல்லைக்குள் இருக்கிறது, நீங்கள்தான் புகுந்தவர்கள் என்கிறான். பல்லி முகமும் பிளந்த வாயுமாக, அரக்கனென்று நாம் நம்பிவிட்ட ஒருவன் தன் வீட்டைக் காக்க வந்தவனாக இருக்கக்கூடும் என்பது கிர்க்குக்கு உறைக்கிறது. குத்துவாளை எறிந்துவிட்டுக் கொல்ல மறுக்கிறார். முன்பின் அறியாத இனம் என்பதால்தான் அந்த மறுப்புக்கு எடை இருக்கிறது. இரு தரப்பும் ஒன்றையொன்று அறியாமல் செய்த தவறு அது.

2022இல் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ கார்ன்களை என்ன செய்தது என்பது உங்களுக்கே தெரியும். மனித உடலுக்குள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, உடலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் வேட்டை மிருகங்களாக ஆக்கியது. கப்பலின் பாதுகாப்பு அதிகாரி லா’ஆன் சிறுவயதில் அவற்றிடமிருந்து தப்பி வந்தவள். பொறியாளர் ஹெம்மர் அவற்றால்தான் சாகிறார். திகில் கதை என்ற அளவில் அவை திறமையாக எடுக்கப்பட்ட அத்தியாயங்கள். ஹெம்மரின் முடிவில் என் கண்ணும் கலங்கியது. ஆனால் இதற்குப் பிறகு ‘அரீனா’வைப் போட்டுப் பாருங்கள். ஸ்பாக் கார்ன்களின் குஞ்சுகளோடு போராடியவர். அவரே கிர்க்கின் கப்பலில் நின்றுகொண்டு யாரோ புதிய இனம் என்று பார்க்கிறார். கிர்க்கின் இரக்கம் அறியாமையிலிருந்து விழித்த இரக்கமாக இல்லாமல், தகவல் தெரியாத ஒரு கேப்டனின் அப்பாவித்தனமாகச் சுருங்கிவிடுகிறது. 2025இல் வந்த மூன்றாம் பருவத்தில் விமானி ஒர்ட்டேகாஸையும் ஒரு கார்னையும் ஒரே இடத்தில் சிக்க வைத்து, இருவரும் ஒருவருக்கொருவர் உதவுவதைக் காட்டி இதைச் சரிசெய்ய முயன்றார்கள். எழுத்தாளர்களுக்கே அந்தக் காயம் தெரிந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? ‘எண்டர்பிரைஸ்’ மறைவுக் கருவியில் தேதியைத் தவறவிட்டது. ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ ஒரு காட்சியின் அறத்தையே தொட்டுவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் இரண்டும் ஒவ்வொரு வரிதான்.

இதே தொடர்தான், கிர்க்குக்கு முன் எண்டர்பிரைஸ் கப்பலின் கேப்டனாக இருந்த பைக்கின் விஷயத்தில் முன்கதை என்பதன் உச்சத்தையும் தொட்டது என்பதால் அதையும் நீக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. 1966இல் ‘தி மெனாஜெரி’யில் பைக் முகம் சிதைந்து, பேச்சிழந்து, ஆம் என்பதற்கு ஒருமுறையும் இல்லை என்பதற்கு இருமுறையும் மின்னும் விளக்கோடு சக்கர நாற்காலியில் அடைபட்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். பயிற்சி மாணவர்களைக் காப்பாற்றப் போய் அவருக்கு நேர்ந்த கதி அது. 2019இல் ‘டிஸ்கவரி’யின் இரண்டாம் பருவத்தில் பைக்கே தன் எதிர்காலத்தைப் பார்த்துவிடுகிறார், பார்த்தும் அதை ஏற்கிறார். நமக்குத் தெரிந்த முடிவு பாத்திரத்துக்கும் தெரிந்துவிட்டால், முன்கதையின் பெரிய பலவீனமே அதன் பலமாகிவிடுகிறது. 2022இல் முதல் பருவத்தின் கடைசி அத்தியாயம் அவரை ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ நிகழ்ச்சிக்குள்ளேயே, கிர்க்கின் இடத்தில், கொண்டுபோய் நிறுத்துகிறது; விதியைத் தவிர்த்தால் என்ன நேரும் என்பதை அவர் கண்ணால் காண்கிறார். இங்கே பழைய காட்சி ஒன்றும் குறையவில்லை. ‘தி மெனாஜெரி’யின் நாற்காலியை இப்போது பார்த்தால் நெஞ்சு முன்னைவிட அதிகமாகக் கனக்கிறது.

தொடர்ச்சி ஒன்றே அளவுகோல் என்பவர்கள் ‘எண்டர்பிரைஸ்’ தொடரின் கடைசி அத்தியாயத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். 2005 மே 13இல் ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தில் ஆர்ச்சரின் குழுவினர் தங்கள் சொந்தக் கதையிலேயே விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வாழும், ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ரைக்கரும் ட்ராயும் பிம்ப அறையில் ஓட்டிப் பார்க்கும் காட்சிகளாகவே அவர்கள் வருகிறார்கள். 1994இல் வந்த ‘தி பெகாசஸ்’ என்ற அத்தியாயத்தின் நடுவே அது செருகப்பட்டிருக்கிறது. கூட்டமைப்பு தோன்றும் 2161ஆம் ஆண்டோடும் பொருந்துகிறது. ரசிகர்கள் மிக அதிகமாக வெறுத்த அத்தியாயம் அதுவேதான், எழுதியவர்களில் ஒருவரான பிரானன் பிராகாவே பின்னாளில் அதற்காக வருந்தினார். ஆர்ச்சரின் பொறியாளர் ட்ரிப் டக்கரின் சாவு அங்கே ஒரு குறிப்பைப் போல வந்துபோகிறது. மூலத்தோடு இத்தனை கவனமாக இணைக்கப்பட்ட ஒன்று இவ்வளவு உயிரற்றுப் போகும் என்றால், நோட்டுப் புத்தகம் எதை அளக்கிறது என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

இனி, பார்க்கும் வரிசை. நான் மேலே சொன்ன எல்லாமே மூலத்தை முதலில் பார்த்தவருக்குத்தான் விளங்கும். 2151இலிருந்து தொடங்கிப் பார்க்கும் புதிய உறுப்பினர் 2005இன் மூன்று அத்தியாயங்களில் ரோமுலன் முகத்தைப் பார்த்துவிடுவார். பிறகு ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ அவருக்கு என்ன தரும்? பைக்கின் நாற்காலியை அறியாதவருக்கு அவருடைய ஏற்பு வெறும் சோகக் காட்சி. முன்கதைகள் பின்னால் எழுதப்பட்டவை. ஏற்கெனவே அறிந்தவர்களை நோக்கி எழுதப்பட்டவை. கதைக்குள் இருக்கும் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது நேர்த்தியாகத் தோன்றலாம்; ஆனால் அந்த வரிசையில் எந்த எழுத்தாளரும் எழுதவில்லை.

ஆகவே வட்டத்தின் முன் நான் வைக்கும் வேண்டுகோள் இது. வெளியீட்டு வரிசையையே தொடர்வோம். ‘எண்டர்பிரைஸ்’ தொடரை அதற்குரிய இடத்தில் திரும்பச் சேர்ப்போம். 98 அத்தியாயங்களையும் பார்க்க நமக்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதாது என்பதை அறிவேன். முதலிரண்டு பருவங்களில் பொறுக்கி எடுத்து, ஃபெரங்கி அத்தியாயத்தைத் தயங்காமல் தள்ளிவிட்டு, நான்காம் பருவத்தை முழுமையாகப் பார்க்கலாம். தொடரை ‘டெர்ரா பிரைம்’ அத்தியாயத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. பூமி மனிதருக்கு மட்டுமே என்று கூச்சலிடும் கூட்டத்தை ஆர்ச்சரின் குழு எதிர்கொள்ளும் அந்தக் கதையே அவர்களுக்குத் தகுந்த விடைபெறுதல். கடைசி அத்தியாயத்தை வீட்டில் பார்க்க விரும்புவோர் பார்த்துக்கொள்ளட்டும். அதை விலக்கச் சொல்வது முரண்பாட்டுக்காக அல்ல, மோசமாக எழுதப்பட்டதற்காக. இவ்விரு காரணங்களையும் தீர்மானப் புத்தகத்தில் தனித்தனியாகக் குறிக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணனின் நோட்டுப் புத்தகத்தைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முரணுக்கும் எதிரே, அதனால் பழுதடையும் பழைய காட்சி எது என்று எழுத ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தால் போதும். காட்சி எதையும் குறிப்பிட முடியாத வரிகளை விட்டுவிட்டு, மற்றவற்றை மட்டும் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசலாம். கார்ன்களைப் பற்றிய என் கருத்தை மறுக்க விரும்புவோர் ‘அரீனா’வை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும், அந்த வாதத்துக்கு நான் கிருஷ்ணகிரிக் கூட்டத்தில் தயாராக வருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
காரிமங்கலம்